காலிக்குப் போவதற்கு மருதானைக்குப் போனோம்

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அக்காவும் அத்தானும் மருமகளும் டொரன்டோவிலிருந்து வந்து, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் மூன்று கிழமை தங்கியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போய்வந்த அலுப்பு ஆறிய பிறகு, ஒரு நாள் பிற்பகல் பிள்ளைகளைக் கறுவாத்தோட்டத்து நூதனசாலைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே இருக்கும் மும்மொழிக் கல்வெட்டின் முன்னால் பதினைந்து வயது மருமகள் நெடுநேரம் நின்றாள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து நிறுத்திய, 1409ஆம் ஆண்டுத் திகதி கொண்ட அந்தக் கல்லில் புத்தருக்குச் சீனத்திலும், தெனவரை நாயினாருக்குத் தமிழிலும், அல்லாஹ்வுக்குப் பாரசீகத்திலும் காணிக்கை சொல்லப்பட்டிருக்கிறது; அது 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிக்கும் அந்தப் பிள்ளை கண்ணாடியில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, காலிக்குத் தமிழ் எழுத்து என்னண்டு போனது? அந்த நாயினார் இப்ப எங்க இருக்கிறார்?" என்று கேட்டாள்.

முதற் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு விடை, மாத்தறைக்கு அப்பால் தெவிநுவரவில் இருக்கிறது. கல்லில் தெனவரை என்று இருப்பதும், தேவேந்திரமுனை என்று நாங்கள் சொல்வதும் அந்த இடத்தைத்தான். அங்கே இருந்த பெருங்கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்துவிட்டார்கள் என்றாலும், விஷ்ணு தேவாலயம் ஒன்று இன்றும் அங்கே வழிபாட்டில் இருக்கிறது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது, சனிக்கிழமை காலிக்குப் போய்த் தங்கி, ஞாயிற்றுக்கிழமை தெவிநுவர பார்த்துவிட்டு வருவது என்று முடிவாயிற்று. எதில் போவது என்பதுதான் மூன்று நாள் இழுபட்டது.

ஏழு பேர். எழுபத்தாறு வயது அம்மா, நான், மனைவி, பதினொரு வயது மகன், அக்கா குடும்பத்தில் மூவர். அக்காவுக்கு வான்தான் சரி. "ஒரு வானைப் பிடியடா தம்பி, எல்லாரும் ஒண்டா இருந்து கதைச்சுக்கொண்டு போவம்" என்றாள். அத்தான் வாடகைக்குக் கார் எடுத்துத் தானே ஓட்டுவதாகச் சொன்னார். இருபது வருடம் கனடாவில் ஓட்டியவருக்குக் காலி வீதி ஒரு பொருட்டா என்பது அவருடைய வாதம். ஏழு பேர் ஒரு காருக்குள் எப்படி அடங்குவது என்பதை அவர் யோசித்திருக்கவில்லை. அதோடு, வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது. அதற்கு உள்நாட்டு அங்கீகாரம் ஒன்று எடுக்க வேண்டும். அங்கே வலப்பக்கமாக ஓட்டிப் பழகியவர் இங்கே இடப்பக்கமாக ஓட்டப் பழக வேண்டும் என்பதும் இருந்தது. அவர் மனம் நோகாதபடி இதை எடுத்துச் சொல்லும் பொறுப்பை அக்காவிடம் விட்டுவிட்டேன். என் மனைவி அதிவேகப் பாதையில் ஓடும் குளிரூட்டிய பஸ் என்றாள். வேலை விடயமாகக் காலிக்குப் போய்வருகிறவள், கொட்டாவைப் பக்கத்தில் அந்த பஸ்கள் புறப்படும் மாகும்புரவிலிருந்து ஒன்றேகால் மணித்தியாலத்தில் காலி நகரத்துக்குள் இறங்கியவள். எல்லாரும் பேசி முடியும் வரைக்கும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அம்மா, "கோச்சியில கக்கூஸ் இருக்கு. பஸ்ஸில என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

நான் நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் உள்ள பெரிய பிழை என்னவென்றால், வாகனம் ஓடும் நேரத்தை மட்டும் எழுதியிருந்தேன். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து காலிக்குச் சுமார் 115 கிலோமீட்டர். ரயிலுக்கு இரண்டரை மணித்தியாலம். கொட்டாவையிலிருந்து, காலிக்கு இறங்கும் பின்னதூவ வரைக்கும் அதிவேகப் பாதையில் சுமார் 95 கிலோமீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்ட பாதை என்பதால் பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம், நகரத்துக்குள் போகக் கொஞ்சம். பழைய காலி வீதியால் வானில் போனால் மொரட்டுவை, பாணந்துறை, அளுத்கம என்று ஒவ்வொரு நகரத்திலும் நின்று நின்று மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல். தாளின்படி பஸ்தான் வென்றது. ஆனால் மாகும்புரவுக்கு வெள்ளவத்தையிலிருந்து எப்படிப் போவது என்று நான் எழுதவில்லை. அந்தப் பக்கம் போகும் 138ஆம் இலக்க பஸ் எங்கள் பக்கம் வராது. ஹைலெவல் வீதிக்குப் போய், நுகேகொடை, மஹரகம நெரிசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அதிவேகப் பாதையில் ஒரு மணித்தியாலம் என்றால், அந்தப் பாதையின் வாயிலுக்குப் போகவே சில வேளைகளில் இன்னொரு மணித்தியாலம் ஆகிவிடும்.

கடைசியில் அம்மா கேட்ட கேள்விக்கே வாக்கு விழுந்தது. போகும்போது ரயில், வரும்போதும் ரயில் என்று முடிவு செய்தோம். ஏழு பேருக்கும் இரண்டாம் வகுப்புக் கட்டணம் முழுவதும் சேர்த்தாலும், இரண்டு நாள் வான் வாடகையில் பத்தில் ஒரு பங்குக்கு வராது என்பது அக்காவையும் சம்மதிக்க வைத்தது.

ரயில் என்றதும் மற்றவர்கள் வெள்ளவத்தை நிலையத்தையே நினைத்தார்கள். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். ஆனால் காலிக்குப் போகும் கடுகதி வண்டிகள் அங்கே நிற்பதில்லை. கோட்டையில் ஏறலாம், எல்லாரும் அங்கேதான் ஏறுகிறார்கள், இடர்ப்பாடே அதுதான். கரையோரப் பாதை வண்டிகளில் முன்பதிவு இல்லாத பெட்டிகளே அதிகம் என்பதால், முதலில் ஏறுகிறவருக்கே இருக்கை. தெற்கே செல்லும் வண்டிகள் பல, கோட்டைக்கு ஒரு நிலையம் முன்னால், மருதானையில் புறப்படுகின்றன. பாடசாலைக் காலத்தில் கற்ற இந்த வித்தை எனக்கு இன்னும் உதவுகிறது. ஆனால் எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. கண்டியிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்து, கோட்டையைத் தாண்டித் தெற்கே போகும் வண்டிகளும் உண்டு. அவை மருதானைக்கு வரும்போதே நிறைந்திருக்கும். ஆகவே எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்பதோடு நிறுத்தாமல், அது எங்கேயிருந்து புறப்படுகிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

தெற்கே போவதற்கு வடக்கே போகச் சொல்கிறான் என்று அத்தானுக்குக் கடுப்பு. காலை ஐந்தேகாலுக்கு இரண்டு முச்சக்கரவண்டிகளில் மருதானைக்கு வெளிக்கிட்டோம். பெரிய பெட்டிகளை வீட்டில் விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு தோள்பை மட்டும் என்று முதல்நாளே சொல்லியிருந்தேன். அக்கா மட்டும் சக்கரம் வைத்த சிறிய பெட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வண்டி மேடைக்கு வந்தபோது பெட்டி அரைவாசிக்கு மேல் வெறுமை. தெற்கே போகும்போது கடல் வலது பக்கம் என்பதால், வலதுபக்க யன்னல் இருக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து, அம்மாவைக் கழிப்பறைக்குக் கிட்ட, ஆனால் வாசனை எட்டாத வரிசையில் இருத்தினோம். ஐந்து நிமிடத்தில் கோட்டை. வண்டி நிற்பதற்கு முன்பே மேடையில் இருந்தவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார்கள். யன்னலால் கைக்குட்டையையும் குடையையும் எறிந்து இடம்பிடித்தார்கள். அதைப் பார்த்த பிறகு அத்தான் மருதானையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கொள்ளுப்பிட்டியைத் தாண்டியதும் கடல் யன்னலுக்கு வந்துவிட்டது. தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே கருங்கற்கள் மட்டும்தான். பம்பலப்பிட்டி கழிந்து சில நிமிடத்தில் மகன் இடப்பக்கத்துக்குத் தாவி, "அப்பா, எங்கட லேன்!" என்று கத்தினான். உண்மையில் எங்கள் ஒழுங்கையின் முனைதான். மரைன் டிரைவ் ஓரத்து மரத்தடியில், நாங்கள் தினமும் பால் வாங்கும் கடைக்காரர் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டு ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு, அதே வீட்டு வாசலை நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருந்தோம். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "வாசலால போறதுக்கு மருதானைக்குப் போய் வந்திருக்கிறம்" என்று பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்மணிக்கும் அரைகுறைச் சிங்களத்தில் விளக்கிச் சொன்னார்.

காலையில் தெற்கே போவதில் இன்னொரு நன்மை உண்டு. கொழும்புக்கு வேலைக்கு வருகிறவர்கள் எதிர்த்திசையில் வருகிறார்கள். மொரட்டுவையிலும் பாணந்துறையிலும் எதிரே வந்த வண்டிகளின் வாசலில், சனிக்கிழமையாக இருந்தும், ஆட்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பெட்டியோ களுத்துறைக்குப் பிறகு இளகிவிட்டது. களு கங்கைப் பாலத்தின் மேல் போகும்போது போதியின் வெள்ளைத் தாதுகோபம் தெரிந்தது. அளுத்கமவில் வடை விற்கிறவர் ஏறினார். தாளில் சுற்றிய இறால் வடைக்குப் பச்சைமிளகாயும் வெங்காயமும் மேலே தூவித் தந்தார்; தாளைப் பிரித்துப் பார்த்தால், யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பாடக் கொப்பி, சிவப்பு மையில் இருபதுக்குப் பதினான்கு. மருமகள் வடையை மகனிடம் கொடுத்துவிட்டுத் தாளைப் படமெடுத்தாள்.

அம்பலாங்கொடையைத் தாண்டி, பெரலிய அருகே வந்தபோது அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி அடித்துச் சென்ற ரயில் நின்ற இடம் அது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே மாண்டார்கள். நானும் பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஹிக்கடுவையில் வண்டி நின்றபோதுதான் சொன்னேன்.

காலி நிலையத்தில் இறங்கும்போது ஒன்பதேகால். அங்கே பாதை முட்டிக்கொண்டு நிற்கிறது. மாத்தறைக்குப் போகும் வண்டிகள் இயந்திரத்தை மறுமுனைக்கு மாற்றிக் கொழுவிக்கொண்டு, வந்த பக்கமாகவே வெளிக்கிட்டுப் பிறகு திரும்புகின்றன. மாத்தறை வரைக்கும் போகிறவர்கள் காலிக்குப் பிறகு பின்நோக்கிப் பயணம் செய்ய நேரிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். தலைச்சுற்று உள்ளவர்களுக்கு அது சிறு விடயமல்ல. பஸ் நிலையம் எதிரிலேயே இருக்கிறது. காலிக் கோட்டை வாசலுக்கு நடந்தே போய்விடலாம். அம்மாவும் அக்காவின் பெட்டியும் மட்டும் முச்சக்கரவண்டியில் வந்தார்கள்.

காலிக் கோட்டையைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இடத்துக்கு என்னுடைய வருணனை தேவையில்லை. வாகனம் பற்றிய விடயம் ஒன்று மட்டும்: கோட்டைக்குள் ஒழுங்கைகள் ஒடுங்கியவை, வானில் வந்தவர்கள் அதை எங்கே நிறுத்துவது என்று சாரதியோடு தொலைபேசியில் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றதை இரண்டு மூன்று இடங்களில் கண்டேன். மதில் மேல் நடந்து வெளிச்சவீடு வரைக்கும் போய்வர எங்களுக்குக் கால்களே போதும் என்றிருந்தது.

சிக்கல் ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. காலியிலிருந்து மாத்தறைக்கு ரயிலில் போய், அங்கிருந்து தெவிநுவரவுக்கு பஸ் பிடித்து, மீண்டும் அதே வழியாகத் திரும்புவது என்றால் நான்கு முறை ஏறி இறங்க வேண்டும். முழங்கால் நோவு உள்ள அம்மாவுக்கு அது முடியாது. அங்கே கார் அல்லது வான்தான் சரி. தங்கிய விடுதியின் மூலம் ஒரு சிறிய வானை ஒழுங்குசெய்தேன். எட்டு மணிக்கு வர வேண்டிய வான் ஒன்பதேமுக்காலுக்கு வந்தது. சாரதி வேறொரு ஹயரை முடித்துக்கொண்டு வருகிறார் என்பது வண்டிக்குள் கிடந்த ஈரத் துவாய்களைப் பார்த்ததும் விளங்கியது. கடற்கரை வீதியில் நெரிசல் வேறு. தெவிநுவரவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியப் பூசை முடிந்து, உள் அறை அடைக்கப்பட்டிருந்தது. அம்மா அடைத்த கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். மருமகள் தன் நாயினாரைத் தேடி வந்தவள். மண்டபத் தூண்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். 1890இல் கட்டிய தேவேந்திரமுனை வெளிச்சவீட்டைத் தூரத்திலிருந்து காட்டிச் சமாளித்தேன்.

திரும்பும் வழியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. மாத்தறைக்குப் பக்கத்தில், கொடகமவில், அதிவேகப் பாதைக்கு ஏறலாம். இந்த வானிலேயே நேராகக் கொழும்புக்குப் போனால் என்ன? சாரதியிடம் கேட்டேன். அவர் சொன்ன தொகையைக் கேட்டு முதலில் அவரைக் குறை நினைத்தேன். பிறகு யோசித்தால் அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. எங்களை இறக்கிவிட்டு அவர் வெறும் வண்டியோடு காலிக்குத் திரும்ப வேண்டும். அந்த எரிபொருளையும் வாயில் கட்டணத்தையும் யார் கொடுப்பது? ஒருவழி ஹயர் என்று ஒன்று உண்மையில் இல்லை. எப்போதும் இருவழிக்குத்தான் பணம், இரண்டாவது வழியில் நாம் இருப்பதில்லை, அவ்வளவுதான். இந்த நியாயத்தைக் கறுவிக்கொண்டே ஏற்றுக்கொண்டு, கொழும்பு யோசனையைக் கைவிட்டேன். கிலோமீட்டர் கணக்கா, நாள் கணக்கா, காத்திருக்கும் நேரத்துக்கு எவ்வளவு என்பதை ஏறுவதற்கு முன் பேசாமல் விட்டதற்கும் சேர்த்து, காலியில் இறங்கும்போது தண்டம் கட்டினேன்.

பிற்பகல் ரயிலுக்கு நிலையத்துக்குப் போனோம். முதல்நாள் மருதானையில் எது எங்களுக்குச் சாதகமாக இருந்ததோ, அதுவே காலியில் பாதகமாக இருந்தது. அந்த வண்டி காலியில் புறப்படுவதல்ல. மாத்தறைப் பக்கத்திலிருந்து வருவது. ஞாயிறு மாலை என்பதால், ஊருக்கு வந்து கொழும்பு விடுதிகளுக்குத் திரும்பும் இளைஞர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். வாசற்படியில் நின்ற ஒரு பையன் கையை நீட்டி அம்மாவை ஏற்றிவிடப் பார்த்தான். உள்ளே கால் வைக்க இடமில்லை. இரண்டரை மணித்தியாலம் அம்மா நின்றுகொண்டு வர முடியாது. வண்டியை விட்டுவிட்டோம். பயணச்சீட்டுக்குக் கொடுத்த சிறு தொகை போனது பெரிய கவலையல்ல; ஏழு பேரும் பைகளோடு மேடையில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததுதான் சங்கடம்.

வீதியைக் கடந்து பஸ் நிலையத்துக்குப் போனோம். அதிவேகப் பாதை பஸ்கள் அங்கேயே புறப்படுவதால் இருக்கை கிடைப்பது நிச்சயம். அதிவேகப் பாதையில் நின்றுகொண்டு பயணம் செய்ய அனுமதி இல்லை என்பதால், நிறைந்ததும் புறப்பட்டுவிடும். ஆனால் வரிசை மிக நீண்டிருந்தது. முதல் மூன்று பஸ்களை விட்டு, ஐம்பது நிமிடம் நின்று, நான்காவதில் ஏறினோம். ஏழு பேரும் ஏழு வரிசையில். மகனுக்கு நடைபாதையில் விரிக்கும் மடக்கு இருக்கை. பின்பக்கம் பொதி வைக்கும் இடம் நிறைந்துவிட்டது என்று நடத்துனர் சொன்னதால், அக்காவின் சக்கரப் பெட்டி ஓர் இருக்கையில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு முழுக் கட்டணம் கட்டிக்கொண்டு வந்தது. தோள்பையை மடியில் வைக்கலாம். சக்கரம் வைத்த பெட்டி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அந்த பஸ்ஸில் ஓர் ஆள்தான்.

பஸ் சொன்னபடி ஓடியது, அதில் குறையில்லை. இரண்டு பக்கமும் செம்மண் வெட்டுகள், றப்பர்த் தோட்டம், வயல், இருட்டு. ஒன்றேகால் மணித்தியாலத்தில் மாகும்புர. அங்கே எங்களைப் போல இறங்கியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தொலைபேசியில் வாடகைக் கார் தேடிக்கொண்டிருந்தார்கள். முதலாவது கார் வருகிறேன் என்று வந்து, ஏழு பேர் என்றதும் போய்விட்டது. இரண்டு கார்கள் கிடைத்து, வீட்டுக்குள் நுழையும்போது இரவு எட்டேமுக்கால். காலி பஸ் நிலையத்தில் வரிசையில் நிற்கத் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல். போகும்போது ரயிலில், மருதானைக்குப் போனதையும் சேர்த்து, வீட்டிலிருந்து காலி நிலையம் வரைக்கும் நான்கு மணித்தியாலம். நாட்காட்டித் தாளில் ஒன்றேகாலுக்கும் இரண்டரைக்கும் இடையில் இருந்த பெரிய வித்தியாசம், கதவுக்குக் கதவு பார்த்தபோது அரை மணித்தியாலம்கூட இல்லை.

அன்றிரவு அம்மாவுக்குக் கடுமையான தலையிடி. மனைவி கேட்டுக் கேட்டு விசாரித்த பிறகுதான் சொன்னார்: ரயில் கைவிட்டுப் போய், பஸ் என்று பேச்சு வந்ததும், தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருக்கிறார். மதியச் சாப்பாட்டோடு குடித்த அரைக் குவளைக்குப் பிறகு ஒன்றுமில்லை. பஸ் நிலையத்தில் அத்தான் வாங்கிக் கொடுத்த இளநீரைக் குடிப்பதுபோலக் காட்டிவிட்டு மகனிடம் தள்ளிவிட்டதை நானே பார்த்தேன். பேரன் மேல் உள்ள பட்சம் என்று நினைத்தேன். நாங்கள் மிச்சப்படுத்தியதாக நினைத்த நேரத்தை அவர் தன் தொண்டையால் கட்டியிருக்கிறார். வயதானவர்களிடம் "பஸ்ஸில போவமா?" என்று கேட்டால் ஓம் என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டியது அதுவல்ல. இரண்டு மணித்தியாலம் இறங்காமல் இருக்க ஏலுமா என்று, அதுவும் பெண்பிள்ளைகள் வழியாகத் தனியே, கேட்க வேண்டும்.

அதன் பிறகு, வீட்டுக்கு வரும் உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் இந்த ஒரு பயணத்தை வைத்தே யோசனை சொல்லி வருகிறேன். இரண்டு பேர், தோள்பை மட்டும், மாலைக்குள் திரும்ப வேண்டும் என்றால் பஸ், சந்தேகமே வேண்டாம். கிழமை நாளில் காலையில் தெற்கே என்றால் ரயில். அதே ரயில் வெள்ளிக்கிழமை மாலை என்றால் நான் சொல்லமாட்டேன், கோட்டையிலிருந்து பாணந்துறை வரைக்கும் வேலை முடிந்து போகிறவர்களின் நடுவே மூச்சுவிட முடியாது. நான்கு பேருக்கு மேல் என்றால், பஸ்ஸுக்கும் வீட்டுக்கும் இடையே இரண்டு கார் பிடிக்கும் செலவையும் பஸ் கட்டணத்தோடு கூட்டிப் பார்த்துவிட்டு வான் வாடகையை ஒப்பிடச் சொல்கிறேன். வித்தியாசம் நினைத்த அளவுக்கு இருப்பதில்லை. அம்பாந்தோட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. 2020இலிருந்து அதிவேகப் பாதை அங்கே வரைக்கும் போகிறது, ரயில் போவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, போகும் வாகனத்திலேயே திரும்பி வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஏறும் இடத்தில் அந்த வண்டி புறப்படுகிறதா, அல்லது நிறைந்து வருகிறதா என்பதை இரு முனைக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

2024 டிசம்பரில் அக்காவும் மருமகளும் மட்டும் வந்தார்கள். அடைத்த கதவைப் பார்த்துத் திரும்பியது அம்மாவுக்கு ஒரு வருடத்துக்கு மேலாக உறுத்திக்கொண்டிருந்தது, மருமகளுக்கும்தான். இம்முறை ஆறு பேர். சனிக்கிழமை, முன்போலவே, மருதானையில் ஏறி ரயிலில் காலிக்குப் போனோம். திரும்புவதற்கு மட்டும் வேறு ஏற்பாடு. எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வான் வைத்திருக்கும் ஒருவரை முன்கூட்டியே பேசினேன். ஒருவழிக்கு எப்படியும் இருவழிப் பணம்தான் என்றால், வெறுமையாக ஓடும் வழி எது என்பதை நாம் தீர்மானிக்கலாம் அல்லவா? காலி வானை வெறுமையாகக் கொழும்பிலிருந்து திருப்பி அனுப்புவதற்குப் பதிலாக, கொழும்பு வானை வெறுமையாகக் காலிக்கு வரச் சொன்னேன். ஞாயிறு விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டவர் ஏழரைக்கெல்லாம் விடுதி வாசலில் நின்றார். முதல்நாள் அவரைக் கூட்டிவராததால் இரவுத் தங்கலும் சாப்பாட்டுப் பட்டாவும் இல்லை. ஒரு நாள் கணக்கு, கிலோமீட்டர் எல்லை, வாயில் கட்டணம் யாருடையது என்பதெல்லாம் முன்பே எழுதி அனுப்பியாயிற்று. அக்கா தன் சக்கரப் பெட்டியை, இம்முறை இன்னும் பெரியதை, காலியில் வானுக்குள் ஏற்றினாள். ரயிலில் அதை இழுத்துவந்தவன் நான்.

ஒன்பது மணிக்கு முன்னரே தெவிநுவர. உள் அறை திறந்திருந்தது. தாமரைத் தட்டோடு வரிசையில் நின்ற மருமகள், நூதனசாலைக் கல்லின் படத்தைத் தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தெனவரை நாயினார்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அம்மா நெடுநேரம் கும்பிட்டார். பிறகு கொடகமவில் அதிவேகப் பாதையில் ஏறினோம்.

வெலிப்பன்ன தரிப்பிடம் வருவதற்குச் சற்று முன்னால், அம்மா தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்து, முழுவதையும் குடித்து முடித்தார். "அங்க நிப்பாட்டுவியள்தானே தம்பி?" என்று சாரதியைக் கேட்டார். நிறுத்தியதும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்வந்து, நிழலில் இருந்த மேசையில் உட்கார்ந்து, "இப்ப எனக்கு ஒரு பால் தேத்தண்ணி. சீனி கூடப் போடச் சொல்லு" என்றார்.